மருத்துவ உதவி: இரப்பதா, பெறுவதா?

பசித்தோர்க்கு உணவளித்தலை அறங்களுள் தலையாயதாகப் போற்றி வந்தது தமிழ்ச் சமுதாயம். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், மதுரை மாநகரில் தான் ஏற்று வந்த உணவைப் பார்வையற்றோர்க்கும் செவிப்புலன் இழந்தோர்க்கும் நடக்கவியலாதோர்க்கும் முதலில் அளித்து, எஞ்சியதையே தான் உண்டான் என்பார் சாத்தனார். உறுப்புக் குறை எவர்க்கும் பழியாகாது என்னும் கருத்தை ஆள்வினையுடைமை அதிகாரத்தில் எடுத்துரைத்தார் வள்ளுவர். செல்வரின் பொருளில் வறியோர்க்குரிய பங்கு அடங்கியுள்ளது என்பது ஜகாத் நெறியின் அடிப்படை. இத்துணைச் சிறந்த மரபுகளுக்கு உரியவர்களாகிய நாம், நம்மிடையே வாழும் மாற்றுத்திறனாளி ஒருவர் மருத்துவ உதவி நாடி அரசு அலுவலக வாயிலில் நிற்கும்போது அவரை இரவலராகக் காண்கிறோமா, தமக்குரியதைப் பெற வந்தவராகக் காண்கிறோமா? இவ்வினாவை மாணவர், ஆசிரியர், சமுதாயப் பெரியவர்கள் ஆகிய மூவர் முன்னும் வைக்க விழைகிறோம்.

தறி நின்றால்...

ஆரணி என்றவுடன் நினைவுக்கு வருவது பட்டு. இவ்வூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் பல குடும்பங்களின் வாழ்வு தறியை நம்பியே நடைபெறுகிறது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. குழித்தறியில் நெய்பவர் குழியின் விளிம்பில் அமர்ந்து, காலால் மிதிபலகையை மிதித்து, கையால் நாடாவை ஓட்டி, கண்ணை இழையின்மேல் நிறுத்தி நாள் முழுதும் உழைக்கிறார். கால், கை, கண், முதுகு ஆகிய இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் தறி நின்றுவிடும். அலுவலகப் பணியாளர்க்கு மருத்துவ விடுப்பு உண்டு. நெசவாளிக்கோ நெய்த சேலைக்கே கூலி. மேலும், ஒருவர் நெய்ய மற்றொருவர் தார் சுற்ற, குடும்பமே கூடி இயங்கும் தொழில் இது.

இத்தகைய வீட்டில் ஒருவர் விபத்தாலோ பக்கவாதத்தாலோ நடை இழந்தால் நேர்வது யாது? மருத்துவச் சான்றிதழ், அடையாள அட்டை, உதவித்தொகை, சக்கர நாற்காலி என ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் ஒரு பயணம். முகாம் உள்ளூரில் நடவாத காலத்தில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாவட்டத் தலைநகராம் திருவண்ணாமலைக்குச் செல்ல வேண்டும். தனியே செல்லவியலாது, துணைக்கு ஒருவர் வேண்டும். "இன்று மருத்துவர் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்னும் ஒரு சொல், அவ்வீட்டில் மேலும் ஒரு நாள் தறியை நிறுத்திவிடுகிறது. இலவசம் எனப்படும் உதவிக்கு ஏழை கொடுக்கும் விலை இதுவே.

சட்டம் அளித்த உரிமை

இந்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் தானே கனிந்து விழுந்த கனியன்று. முதுகுத்தண்டுக் குறைபாட்டுடன் பிறந்து சக்கர நாற்காலியில் இயங்கிய ஜாவித் அபிதி (1965-2018) என்பார், 1995 டிசம்பர் 19 அன்று தலைநகர் தில்லியில் மாற்றுத்திறனாளிகளைத் திரட்டிப் போராட்டம் நடத்தினார். அடுத்த சில நாட்களில் நாடாளுமன்றம் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. பின்னர் 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையை 2007இல் இந்தியா உறுதி செய்தது. அதன் வழியில் வந்த 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்று, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. குருதி உறையாமை, தலசீமியா, நடுக்குவாதம் போன்றவையும் இப்பட்டியலில் இடம்பெற்றமையால், இடையறாத மருத்துவம் தேவைப்படுவோர் பலர் இதன் பாதுகாப்புக்குள் வந்தனர்.

இச்சட்டத்தின் 25ஆம் பிரிவை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருத்தல் நன்று. அரசும் உள்ளாட்சியும் செய்ய வேண்டியனவாக அது மூன்றினைக் கூறுகிறது. முதலாவது, குடும்ப வருமான வரம்புக்குட்பட்டு, வாழுமிடத்திற்கு அருகிலேயே, குறிப்பாகச் சிற்றூர்ப் பகுதிகளில், கட்டணமில்லா மருத்துவம். இரண்டாவது, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற நடமாட்டம். மூன்றாவது, பார்வையிடுவதிலும் மருத்துவம் செய்வதிலும் முன்னுரிமை. அருகில், தடையின்றி, முன்னதாக என்னும் இம்மூன்று சொற்களையும் ஆரணி நெசவாளியின் அலைச்சலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், சட்டத்திற்கும் வாழ்வுக்கும் இடையிலுள்ள தொலைவு எத்துணை என்பது விளங்கும்.

காயம் ஆறினால் போதுமா?

மருத்துவம் என்றால் என்ன என்பதிலேயே நமக்குத் தெளிவு வேண்டும். ஆரணிக்கு அண்மையிலுள்ள வேலூரில் இதற்கு ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவை மருத்துவம் செய்தார்; அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அப்பெருமாட்டி 1986இல் மறைந்தார். காயத்தை ஆற்றுவதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை. எழுந்து அமரவும், தன் வேலையைத் தானே செய்யவும், மீண்டும் ஒரு தொழிலில் ஈடுபடவும் பயிற்றுவிப்பதும் மருத்துவமே என்பதை அவர் தம் வாழ்வால் நிறுவினார்.

நம் காப்பீட்டுத் திட்டங்களை இந்த அளவுகோலால் அளத்தல் வேண்டும். தமிழகத்தில் 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாத அறுவை மருத்துவத்தை எட்டச் செய்தன. இதனை நாம் நன்றியுடன் ஏற்கிறோம். ஆயின் அறுவை முடிந்து வீடு திரும்பியபின் தொடங்குகின்ற தேவைகள் வேறு. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்க்குச் சிறுநீர்க் குழாய் மாதந்தோறும் வேண்டும். படுக்கைப் புண் வாராமல் காக்கத் தக்க மெத்தை வேண்டும். இயன்முறைப் பயிற்சி இடையறாது வேண்டும். இவை யாவும் பெரும்பாலும் குடும்பத்தின் கையிருப்பிலிருந்தே செலவாகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாயிலுக்கே கொண்டு வந்தது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டுத் திட்டம், மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோர்க்கு, முன்பரிசோதனை எதுவுமின்றி, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, வெளிநோயாளர் மருத்துவத்தையும் பயிற்சிகளையும் உள்ளடக்கி உதவ வகுக்கப்பட்டது. மனமிருந்தால் திட்டத்தை இவ்வாறும் வகுக்கலாம் என்பதற்கு இவை சான்றுகள். இத்தகைய பாதுகாப்பு 21 வகையினர்க்கும் விரிதல் வேண்டும் என்பது நம் கருத்து.

கேட்டவர்க்கே கிடைத்தது

உலக வரலாற்றிலும் இவ்வுரிமைகள் போராடியே பெறப்பட்டன. அரசின் நிதியுதவி பெறும் மருத்துவமனை உள்ளிட்ட எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளை வேறுபடுத்தலாகாது என்று அமெரிக்கா 1973இல் சட்டம் செய்தும், விதிகளில் கையெழுத்திடாமல் ஆட்சியாளர் காலம் தாழ்த்தினர். 1977 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ நகரின் அரசுக் கட்டடத்திற்குள் ஜூடித் ஹியூமன் முதலானோர் புகுந்து மூன்று வாரங்களுக்கும் மேலாக அமர்ந்தனர். அதன் பின்னரே விதிகள் கையெழுத்தாயின.

நம் மாநிலத்தில் தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் இப்பணியை மேற்கொண்டுள்ளது. வருவாய்த் துறை வழியே வழங்கிய மாத உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. அண்டை மாநிலமாகிய ஆந்திரமோ 2024 ஜூலையில் அதனை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தியது. அதனைச் சுட்டிக்காட்டியே இங்கும் உயர்வு கோரி அச்சங்கத்தார் தெருவில் இறங்கினர். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளைப் புறக்கணித்த வழக்கில், 2022 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டது. அதன் பின்னர் 2023இல், மாற்றுத்திறனாளிகளுக்கெனக் காப்பீட்டுத் திட்டம் வைத்திருத்தல் வேண்டும் என்று ஒழுங்காற்று ஆணையம் நிறுவனங்களுக்கு ஆணையிட்டது.

"போலிச் சான்றிதழ் பெறுவோரும் உளரே, கடுமை காட்டாவிடில் அரசுப் பணம் வீணாகாதா?" என்று சிலர் வினவுவர். போலியர் இருப்பர் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்களைக் கண்டறிந்து தண்டிக்கட்டும். அதன்பொருட்டு மெய்யாகவே நடக்கவியலாத ஒருவரை மும்முறை படியேறச் செய்வது நீதியாகாது.

நம் பங்கு யாது?

மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியே நெசவாளர் தெருக்களுக்குச் சென்று, அடையாள அட்டை இல்லாதோரைக் கண்டறிந்து விண்ணப்பங்களை நிரப்பித் தரலாம். எழுதப் படிக்க அறியாதவர்க்கு இதனினும் பெரிய உதவி வேறில்லை. ஆசிரியர்கள் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை எளிய தமிழில் எடுத்துரைக்கலாம். நீதி மறுக்கப்பட்டால் மாநில ஆணையரிடம் முறையிடலாம் என்பதும், சட்டத்தை முதன்முறை மீறுவோர்க்கு 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு என்பதும் மக்களுக்குத் தெரிதல் வேண்டும்.

ஜமாஅத் பெரியவர்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் ஒருங்கிணைந்து, சான்றிதழ் முகாமைக் குறித்த கால இடைவெளியில் ஆரணியிலேயே நடத்துமாறு மாவட்ட ஆட்சியரிடம் எழுத்து வழியாகக் கோரலாம். தனிமனிதர் விண்ணப்பம் கோப்பில் உறங்கலாம். ஊர் கூடிக் கேட்டால் உறங்காது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தம் 2025இல் நிறைவேறியுள்ளது. அவ்விருக்கையில் அமர்பவர் குரல் தனித்து ஒலிக்காதவாறு துணை நிற்பதும் ஊராரின் கடப்பாடே. அதற்குமுன் நம் கல்லூரி வகுப்பறைக்கும் பள்ளிவாசலுக்கும் திருமண மண்டபத்திற்கும் சாய்தளம் உண்டா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நம் வாயிலில் படியை வைத்துக்கொண்டு அரசின் வாயிலைக் குறை கூறுதல் பொருந்தாது.

ஆபுத்திரனின் அருளுள்ளம் போற்றத்தக்கதே. ஆயினும் கொடுப்பவன் அகன்றால் பாத்திரம் வெறுமையாகும். சட்டம் தந்த உரிமை அவ்வாறு அகல்வதன்று. ஆரணியின் தறிகளில் நெய்த சேலையை உடுத்து மணமேடை ஏறும் தமிழகம், அதனை நெய்து தளர்ந்த கைகளுக்கு உரிய மருத்துவத்தை உரிய நேரத்தில், உரிய மதிப்போடு அளிக்கக் கடமைப்பட்டுள்ளது. அக்கடனைத் தீர்க்குமாறு தயங்காது கேட்போம். கேட்பவர் தோளோடு தோள் நிற்போம்.