புற்று என்னும் ஒற்றைச் சொல்

‘புற்றுநோய்’ என்றதும் கோலார் தங்கவயல் தமிழர் மனத்தில் எழுவது அறுவையும் மரணமும்தான். எல்லாப் புற்றுகளையும் அச்சொல் ஒன்றாக்கிவிடுகிறது. இரைப்பையில் தோன்றும் மால்ட் லிம்ஃபோமா என்ற அரிய நிணநீர்ப் புற்று இப்பொதுமைக்குள் அடங்காது.

நலமான இரைப்பையின் உட்சவ்வில் நிணநீர்த் திசு திரண்டிருப்பதில்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி நெடுங்காலம் தங்கும்போது அத்திசு திரள்கிறது. மிகச் சிலரிடம் அதிலிருந்தே புற்று உருவாகிறது. 1983இல் ஐசக்சனும் ரைட்டும் இவ்வகைப் புற்றை விவரித்தனர். கிருமியை ஒழித்தால் கட்டியே மறையக்கூடும் என்பதை 1993இல் வோதர்ஸ்பூன் குழுவினர் காட்டினர். தொடக்க நிலையில், கிருமி உள்ளோரில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு ஆன்டிபயாடிக் மாத்திரைகளே போதுமானவை. 11, 18ஆம் குரோமோசோம்களுக்கிடையே இடமாற்றம் நிகழ்ந்திருந்தால் அவை பெரும்பாலும் பலிப்பதில்லை. அப்போது கதிர்வீச்சு கைகொடுக்கிறது.

அறுவையில் பெரும்பணி மருத்துவருடையது. இச்சிகிச்சையிலோ நோயாளியின் புரிதலுக்கும் பெரும்பங்கு உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால், இருக்கும் கிருமியும் இல்லையெனத் தோன்றலாம். மாத்திரைகளை நடுவில் விட்டால் கிருமி எஞ்சும். கட்டி மறைய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை எண்டோஸ்கோப்பியை மீண்டும் மீண்டும் செய்துகொள்ள வேண்டும்.

இவற்றை யார், எம்மொழியில் சொல்வது? 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின், பெருநோய்க்கு இவ்வூரார் பெங்களூருக்கே ரயிலேறுகின்றனர். அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. கன்னடம் அறிந்தவர்களும் வலியைத் தமிழில்தான் சொல்வார்கள். ‘கேஸ்’, ‘நெஞ்சுக் கரிப்பு’ என்ற சொற்களுக்குள் உடல் மெலிவும் கருநிற மலமும்கூட மறைந்துபோகின்றன. மருந்துக்கடை மாத்திரையோடு மாதங்கள் கழிகின்றன.

அரிய நோய்க்கு இத்தனை முயற்சியா எனக் கேட்கலாம். அக்கிருமி அரியதன்று, குடற்புண்ணுக்கும் அதுவே முதன்மைக் காரணங்களுள் ஒன்று. ஒரு நோய்க்கு எழுதும் எளிய தமிழ் விளக்கம் பலருக்குப் பயன்படும். மொழியியல், தமிழ்த்துறை ஆய்வாளர்கள் மக்களின் நோய்ச்சொற்களைத் தொகுத்து, மருத்துவர்களுடன் அமர்ந்து அவ்விளக்கங்களை எழுத வேண்டும். கலைச்சொல்லாக்கம் அகராதியோடு நின்றுவிடலாகாது. மருந்துச்சீட்டுடன் நோயாளியின் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.