குடும்பத்துக்கு ஒரு கப்!

ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டில் பஸ் பிடித்து, மீன் குழம்பு கொதிக்கிற நேரத்துக்குச் சரியாக மாமல்லபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஹாலில் அக்கா பையன் 'ஆஸ்ட்ரோ பாட்' வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான்.

"மாமா, இது குடும்ப விளையாட்டுன்னு அவார்டு வாங்கினது!"

"அட! எனக்கும் ஒரு கன்ட்ரோலர் கொடுடா."

"இதை ஒருத்தர்தான் ஆட முடியும் மாமா."

நிஜம்தான் ஸார். அமெரிக்காவில் 2014லிருந்து 'தி கேம் அவார்ட்ஸ்' என்று வருஷா வருஷம் விழா எடுக்கிறார்கள். 2024ல் சிறந்த குடும்ப விளையாட்டு இதுதான். ஒருத்தர் ஆட, மிச்சப் பேர் சுற்றி உட்கார்ந்து பார்ப்பது! நம் வீடுகளில் டி.வி. ரிமோட் விஷயத்தில் நடப்பதும் அதுதானே என்று ஜூரி நினைத்திருக்கலாம்.

2021ல் இதே பரிசு 'இட் டேக்ஸ் டூ'வுக்கு. இது நேர் எதிர். தனி ஆளாக ஆடவே முடியாது. கதை? விவாகரத்துக்குத் தயாரான புருஷனும் பெண்டாட்டியும் பொம்மைகளாகி விடுகிறார்கள். மகள் கண்ணீர் விட்டால் பழைய உருவம் திரும்பும் என்று நம்பி, அவளுடைய செல்ல யானைப் பொம்மையை, அது கெஞ்சக் கெஞ்ச, தரதரவென்று இழுத்துப்போய் உயரத்திலிருந்து தள்ளிவிடுகிறார்கள். குடும்ப விளையாட்டு ஸார்!

இந்த இரண்டுமே அந்தந்த வருஷத்தின் சிறந்த கேம் என்ற பெரிய பரிசையும் தட்டிக்கொண்டு போனவை. அப்புறம் எதற்குக் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு கப்? பி.காம். படித்தவன் கண்ணுக்கு, ஒரே வரவை இரண்டு பேரேட்டில் எழுதின மாதிரி இருக்கிறது.

அக்கா வீட்டுக்குப் பக்கத்தில்தான் பூஞ்சேரி. 2022ல் செஸ் ஒலிம்பியாட் நடந்த இடம். அங்கேயும் பிரிவுகள் உண்டு: ஓபன், பெண்கள். ஓபன் என்றால் ஆண்கள் என்று அர்த்தமில்லை, யாரும் ஆடலாம். எந்த மேஜையில் யார் உட்காரலாம் என்பதில் குழப்பமே இல்லை. அக்கா வைஷாலி பெண்கள் அணியில், தம்பி பிரக்ஞானந்தா ஓபனில். இரண்டு பேர் அணிக்கும் வெண்கலம். அதற்காக யாரும் செஸ்ஸைக் குடும்ப விளையாட்டு என்று சொல்லிவிடவில்லை.

கேம் அவார்ட்ஸில் ஓட்டு 90 சதவிகிதம் பத்திரிகைக்காரர்கள் ஜூரிக்கு, 10 சதவிகிதம் ரசிகர்களுக்கு. அத்தனை பேரும் ஆடி ஆடிக் கை பழுத்தவர்கள். பரிசை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், ஜூரியை மாற்றுங்கள் என்பேன். எந்தப் பொத்தான் எதற்கு என்றே தெரியாத ஆள் கையில் கொடுத்துப் பார்த்தால்தானே குடும்பத்துக்கு ஆகுமா, ஆகாதா என்று தெரியும்?

அன்றைக்குத் தெரிந்தது. அப்பா போனதிலிருந்து அம்மா அக்கா வீட்டில்தான். எட்டு மாசமாக டி.வி. பக்கம்கூடத் திரும்புவதில்லை. மூலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் திடீரென்று, "அந்த பொம்மை ஏன்டா பள்ளத்துலயே போய் விழுது? இங்க கொடு" என்றாள்.

தாயத்தில் அப்பாவின் காயை ஓட ஓட விரட்டி வெட்டியவள். இப்போது கை நடுங்கியது. முதல் தாவலிலேயே ரோபோ பள்ளத்தில். இரண்டாவது தடவையும் பள்ளம். மூன்றாவது, நான்காவது... ஏழாவது தடவை தாண்டியதும், "தாயம்!" என்று கத்தினாள் பாருங்கள், அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

ஜூரியை இவ்வளவு திட்டியிருக்க வேண்டாமோ?

மணி மூன்று. மீன் குழம்பு ஆறிப்போய்விட்டது. பையனுக்குக் கன்ட்ரோலர் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. வரிசையில் அவனுக்குப் பின்னால் அக்கா, அத்தான். எனக்கு நாலாவது நம்பர்.