புட்சர்னா யாரு?

பாண்டிச்சேரி மொட்டை மாடியில் பட்டறை போட்டு 'புட்சர் பிளாக்' மேசை செய்வது இப்போது சிலருக்குக் கௌரவம். செய்யட்டும். இழைப்புளி பிடிக்கிற கையை நான் குறை சொல்லவில்லை. ஆனா, வச்ச பேருக்கு அர்த்தம் தெரியணும்ல?

புட்சர்னா கறிக்கடைக்காரர். நம் ஊரில் அவருடைய கட்டை புளியமரம். அடிமரத்தைக் குறுக்கே அறுத்து, வெட்டுமுகம் மேலே இருக்கும்படி நிறுத்துவார்கள். நார்கள் செங்குத்தாக நிற்பதால் கத்தி அவற்றின் நடுவே இறங்கும். அதன் வாயும் சீக்கிரம் மழுங்காது. வீட்டு மேசையிலோ பெரும்பாலும் தேக்குப் பட்டைகளைப் படுக்கப் போட்டுப் பசையால் ஒட்டுகிறார்கள். கறிக்கடையிலிருந்து வந்தது பெயர் மட்டும்தான்.

இதே ஊரில் கோல்கொண்டா விடுதியின் கட்டுமானத்தை 1937 முதல் 1939 வரை முன்னின்று கவனித்தவர் ஜார்ஜ் நகஷிமா. அங்குள்ள தேக்கு மரச்சாமான்களையும் வடிவமைத்தார். கட்டிடக்கலை படித்த அவர் பின்னாளில் அமெரிக்காவில் தச்சராகவே வாழ்ந்தார். பலகையின் வெடிப்பை மறைக்கவில்லை. பட்டாம்பூச்சி வடிவ ஆப்பு வைத்து எல்லோரும் பார்க்க விட்டார்.

நாம் மறைப்பது வேறு வெடிப்பு. 'சைவம் மட்டும்' என்று வாடகை போர்டு மாட்டுகிற வீட்டுக்குள் புட்சர் பிளாக் மேசை! கறிக்கடைக்காரர் வீடு கேட்டு வந்தால் கதவு திறக்குமா? 'கறி வெட்டுற கட்டை' என்றால் முகச்சுளிப்பு, இங்கிலீஷில் சொன்னால் ரசனை.

மரத்துக்குச் சாதி இல்லை. அந்தப் பேரைக் கூசாமல் தமிழில் சொல்ல முடிந்தால், மேசை செய்யுங்கள்.