முன்விளக்கின் நோய் எங்கே இருக்கிறது?

மாலை மயங்கிய பின், காங்கேசன்துறை வீதியிலே மருதனார்மடம் சந்தியிலிருந்து சுன்னாகம் நோக்கிச் செல்லும் ஒருவர், எதிரே வரும் வாகனங்களின் விளக்குகளைச் சற்று நிதானித்து நோக்குவாராயின், ஒற்றை விளக்கோடு வருவன, இரு விளக்கும் மங்கி மஞ்சளாய் வருவன, பார்த்தவர் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளியைப் பாய்ச்சிக்கொண்டு வருவன என்று அவற்றை எளிதில் வகுத்துவிடலாம். இவற்றுள் ஒற்றை விளக்குக் காரைச் சிறு குறையென்று கருதுவோர் பலர். இடப்பக்கமாகப் போக்குவரத்து நடக்கும் நம் நாட்டில், காரின் வலப்பக்க விளக்கு அணைந்துபோனால், எதிரே வருபவர் எஞ்சிய இடப்பக்க விளக்கை வீதியோரத்தில் வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கென்று மயங்கி, வீதியின் நடுப்பகுதி வெறுமையாய்க் கிடப்பதாக எண்ணி அங்கேயே தம் வாகனத்தைச் செலுத்துவார். அவ்விருளில் ஒரு காரின் பாதி உடல் மறைந்து நிற்பதை அவர் அறியும்போது காலம் கடந்திருக்கும்.

விளக்கு பழுதாவது இயல்பு. பழுதின் காரணத்தைத் தேடாமல், மங்கியதும் பல்பை மாற்றுவதும், மாற்றியும் மங்கினால் இன்னும் பிரகாசமான பல்பை வாங்கி மாட்டுவதுமாகிய புதிய பழக்கமே என் மனத்தை வருத்துவது. இதை நான் யாழ்ப்பாணத்திலிருந்து சொல்வதற்கு விசேட காரணமுண்டு. மோட்டார் வாகனத்தின் நோயைக் காரணம் கண்டு தீர்ப்பதில் இக்குடாநாட்டுத் தொழிலாளர் பெற்றிருந்த ஞானம் சாதாரணமானதன்று. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருள்களாயின. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் முதலிய பழைய கார்களைச் சூப்பிப் போத்தலிலிருந்து சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். விமானத்துக்கு அஞ்சி விளக்கை அணைத்துவிட்டு நிலவொளியில் நோயாளரை ஏற்றிச் சென்ற இரவுகளை நம்மிற் பலர் இன்னும் மறக்கவில்லை. மாற்றுவதற்குப் புதிய பாகம் கிடையாத அக்காலத்தில், கெட்டது எதுவென்று திட்டமாய்த் தெரிந்த பின்னரே கையை வைக்க வேண்டியிருந்தது.

அந்த ஞானம் முற்றாக மறையவில்லை. உடுவிலில் ஓர் ஒழுங்கை முகப்பிலுள்ள கராச்சிலே, இடப்பக்க விளக்கு மட்டும் சோர்ந்து எரிந்த ஒரு காரை முதிய மெக்கானிக் ஒருவர் பரிசோதித்ததை அண்மையில் அருகிருந்து கண்டேன். கார்ச் சொந்தக்காரர் கையிற் புதிய பல்போடு நின்றார். முதியவரோ பல்பைத் தொடவில்லை. உயர் ஒளிக்கும் தாழ் ஒளிக்குமாகச் சுவிச்சை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிப் பார்த்தார். ஒன்றைப் போட்டால் அதற்குரிய இழை முழுமையாய் எரியாது, இரண்டு இழைகளும் ஒருங்கே மங்கலாய்ச் சிவந்தன. உடனே ஒரு முழ நீள வயரை எடுத்து, அதன் ஒரு நுனியைப் பற்றரியின் எதிர்முனையிலும் மறுநுனியை அவ்விளக்கின் ஏர்த் வயர் முனையிலும் வைத்து அழுத்தினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஏர்த் வயர் காரின் உடலிற் பூட்டப்பட்ட திருகாணியைக் கழற்றியபோது, அதன் அடியிலே கறளும் செம்பாட்டு மண்ணும் கலந்து ஒரு தகடுபோல் இறுகியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, சிறிது கிறீஸ் பூசி, மீண்டும் பூட்டினார். புதிய பல்பு அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து வெளிவரவேயில்லை.

அவருடைய முறையிலே உள்ள தர்க்கம் யாவர்க்கும் விளங்கக்கூடியதே. ஒரு விளக்கு மட்டும் கெட்டால் நோய் அவ்விளக்கின் அண்மையில் இருக்கிறது. பல்பு, அதன் குழி, ஏர்த் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் அணைந்தால், இரு பல்புகள் ஒருங்கே எரிந்துபோவது அரிதாகலின், ரிலே, சுவிச், பொதுவான பியூஸ் முதலியவற்றில் ஐயம் கொள்ள வேண்டும். இரண்டும் மங்கி, இயந்திரத்தை முடுக்கியதும் தெளிந்தால், மின்னேற்றும் பகுதியில் தளர்ச்சி இருக்கலாம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு: தைனமோ பொருத்திய பழைய ஒஸ்ரின் சந்தியில் நிற்கும்போது விளக்கு மங்குவது அதன் சுபாவம், ஒல்டனேற்றர் பொருத்திய இக்காலக் காரிலோ அதே குணம் நோயின் அறிகுறி. ஆகவே வாகனத்தின் வயதையும் அமைப்பையும் அறியாமல் அறிகுறியை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்வது, நாடி பாராத வைத்தியன் மருந்து கொடுப்பதை ஒக்கும். பல்புகள் அடிக்கடி எரிந்துபோனால் மின்னழுத்தம் மிகுதியாய் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது பற்றரியில் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ற்று வரை இருப்பதே முறை. பல்பின் முனையில் அதைவிட அரை வோல்ற்றுக்கு மேல் குறைந்தால் வழியிலே எங்கோ மின்சாரம் விரயமாகிறது. ஹலஜன் பல்பில் மின்னழுத்தம் பத்திலொரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்துபோகும் என்பதை அறிந்தவர், அரை வோல்ற்றை அற்பமென்று கருதமாட்டார்.

வயரிலும் பல்பிலும் குற்றமில்லாதபோதும் ஒளி குறையலாம். முன்பு கண்ணாடியாய் இருந்த விளக்குமுகம் இப்போது பொலிகாபனேற்று என்னும் பிளாஸ்ரிக்காய் இருப்பதால், அதன் மேற்பூச்சு வெயிலின் புற ஊதாக் கதிரால் சிதைந்து மஞ்சளிக்கின்றது. நம் குடாநாட்டு வெயிலுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீரால் காரைக் கழுவித் துடைக்காமல் விட்டால், காய்ந்த நீர் விட்டுச்செல்லும் வெண்படிவும் அதனோடு சேர்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. ஆதலால் இன்று நம் வீதிகளில் ஓடும் கார்களிற் பல முதுமை எய்தியவை, அவற்றின் விளக்குமுகமும் அப்படியே. நுண்ணிய தாளால் நீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றினால் தெளிவு திரும்பும். ஆயினும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை மீண்டும் பூசாவிடின் அத்தெளிவு சில மாதங்களே நிலைக்கும்.

இவற்றையெல்லாம் செய்யாமல், ஹலஜன் பல்புக்கென வகுத்த விளக்கினுள் எல்.ஈ.டி. பல்பைத் திணிப்பதே இப்போது எங்கும் காணும் வழக்கம். விளக்கின் உட்குழிவு, சில மில்லிமீற்றர் நீளமான ஓர் இழை குறித்த இடத்தில் ஒளிர்வதை எதிர்பார்த்துக் கணித்து வார்க்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறினால் கதிர்கள் ஒழுங்கு குலைந்து மேலெழுகின்றன. ஓட்டுபவருக்கோ தம் முன்னே வெள்ளொளி பரவக் கண்டு திருப்தி. எதிரே சைக்கிளில் வரும் முதியவருக்கோ சில கணங்கள் உலகமே இல்லை. மூத்த கண்ணுக்குக் கூச்சத்திலிருந்து மீள அதிக நேரம் வேண்டும். தான் காண்பதற்காகப் பிறரைக் குருடாக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று நான் உறுதியாய்ச் சொல்வேன்.

சரியான பல்பு இருந்தும் விளக்கின் நோக்குப் பிழைத்தால் அதே தீங்கு நேரும். சமதரையில் ஒரு சுவருக்கு 25 அடி தள்ளிக் காரை நிறுத்தி, விளக்கின் நடுவுயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டால், தாழ் ஒளியின் மேல்விளிம்பு அக்குறிக்கு ஏறத்தாழ 3 அங்குலம் கீழே விழ வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பம் முழுவதையும் பின்னே ஏற்றிச் செல்லும்போது காரின் முன்புறம் சற்று எழுந்து ஒளியும் எழுகின்றது. அதைத் தாழ்த்துவதற்கென்றே பல ஜப்பானியக் கார்களில் சாரதியின் கைக்கெட்டிய தூரத்தில் இலக்கமிட்ட ஒரு சிறு திருகு இருப்பதை, அக்காரைப் பல வருடங்களாய் ஓட்டுவோரே அறியாதிருக்கின்றனர்.

அரசாங்கத்திடம் கேட்பதற்கும் ஒன்றுண்டு. வருடந்தோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு 2008இல் தொடங்கிய திட்டத்தின்படி புகைப் பரிசோதனைச் சான்றிதழ் காட்ட வேண்டும். அது நல்ல ஏற்பாடு. ஆனால் தகுதிச் சான்றிதழ் பஸ், லொறி முதலியவற்றுக்கே வேண்டப்படுவதால், தனியார் கார் ஒன்றின் விளக்கை ஆண்டுக்கொரு முறையேனும் எவரும் பார்ப்பதில்லை. புகை பார்க்கும் இடத்திலேயே, கார் நின்றுகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில், இரு விளக்கும் எரிகின்றனவா, ஒளியின் விளிம்பு சுவரில் எங்கே விழுகின்றது என்று பார்த்துச் சொல்லப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் ஆண்டில் தண்டம் வேண்டாம். பிழையை எழுதிக் கையிற் கொடுத்தாற் போதும். வலிகாமம் தெற்குப் பிரதேச சபை தன் எல்லைக்குள் வெள்ளையடித்த ஒரு சுவரையும் அதன் முன்னே 25 அடி சமதரையையும் பொதுமக்களுக்கு ஒதுக்கிக் கொடுக்கலாம். சுவரில் உயரக்கோடுகளை வரைவதற்கான வர்ணமும் ஒருநாட் கூலியும் தவிர அதற்குப் பெருஞ்செலவில்லை. கோடுகளை எங்கே வரைய வேண்டும் என்பதை நம் கராச்சுகளிலுள்ள முதியவர்களைக் கேட்டால் மகிழ்ந்து வந்து காட்டுவார்கள்.