யந்திரமும் உபாத்தியாயரும்

போதனைக்கும் கற்றலுக்கும் டிஜிட்டல் சாதனங்களைப் பயன்படுத்தும் முறை இன்று தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்துவிட்டது. அதற்கென்று முதுகலைப் பட்டப் படிப்புகளும் ஏற்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் எடின்பரோ சர்வகலாசாலை 2006-இல் இத்தகைய படிப்பை முழுதும் இணையத்தின் வாயிலாகவே தொடங்கியது. உத்தியோகத்திலிருக்கும் உபாத்தியாயர் தம் பள்ளியை விட்டு அகலாமலே பயில அதில் வழி உண்டாயிற்று. பம்பாய் ஐ.ஐ.டி.யில் 2010-இல் கல்வித் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்குத் தனிப் பகுதி ஏற்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இப்படிப்பு யாரைச் சென்றடைய வேண்டும் என்ற கேள்விக்கு நமது சர்க்கார் இன்னும் நேரான பதில் சொல்லவில்லை.

யந்திரம் வந்தால் கல்வி தானே வந்துவிடும் என்ற மயக்கம் புதிதல்ல. 1913-இலேயே அமெரிக்காவில் எடிசன், சினிமாப் படங்களின் வருகையால் பள்ளிகளில் புஸ்தகத்துக்கு வேலையற்றுப் போகும் என்று ஜோசியம் கூறினார். புஸ்தகம் போகவில்லை. பெரு தேசத்தில் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லாப்டாப் வழங்கினார்கள். 319 பள்ளிகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2012-இல் வெளியாயிற்று. கணக்கிலோ மொழிப் பாடத்திலோ பிள்ளைகள் முன்னேறியதற்கு அத்தாட்சி கிடைக்கவில்லை. வீணையை வாங்கி வீட்டில் வைத்தவுடன் ராகம் பிறந்துவிடுமா?

இதற்கு மாறான அனுபவம் நம் தேசத்திலேயே உண்டு. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால், ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் ஒளிபரப்பு நடந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் காட்டியதோடு அதை நடத்தியவர்கள் நிற்கவில்லை. ஏறக்குறைய 50,000 ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்களுக்கு, இரு பிரிவுகளாக, பன்னிரண்டு நாள் விஞ்ஞான போதனைப் பயிற்சியும் அளித்தார்கள். டெலிவிஷனோடு ரேடியோவும், அச்சிட்ட பாடங்களும், கையால் செய்து பார்க்கும் சோதனைகளும் அதில் சேர்ந்திருந்தன. யந்திரத்தை உபாத்தியாயருக்குத் துணையாக்கிய அந்த முறை பின்னர் மறக்கப்பட்டது. 1984-இல் சுமார் 250 பள்ளிகளில் தொடங்கிய கம்ப்யூட்டர் திட்டத்தில் யந்திரமே முன்னே நின்றது.

தமிழ்நாட்டில் 2011 முதல் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு இலவச லாப்டாப் கொடுக்கப்பட்டது. ஏழைப் பிள்ளையின் கையில் கம்ப்யூட்டர் வந்ததை நாம் ஒருபோதும் குறைகூற மாட்டோம். அதைப் பாடத்தோடு இணைக்க வேண்டிய உபாத்தியாயருக்கு என்ன கிடைத்தது என்பதே நமது கேள்வி. இரண்டு நாள் முகாமில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதைக் கற்பிக்கலாம். எதற்காக அமுக்குவது என்பதைக் கற்பிக்க இயலாது. பின்னக் கணக்கில் பிள்ளை எங்கே தடுமாறுகிறது, அதைத் திரையில் அசையும் படம் தெளிவாக்குமா, அல்லது நாலு புளியங்கொட்டையே போதுமா என்று நிதானிக்கும் அறிவு வேண்டும். பிள்ளைகளைப் பற்றி யந்திரம் சேர்த்துவைக்கும் விவரங்கள் யார் கைக்குப் போகின்றன என்று விசாரிக்கும் துணிவும் வேண்டும். முதுகலைப் படிப்பின் அவசியம் இங்கேதான் இருக்கிறது.

இன்றுள்ள நிலைமையில் இப்படிப்பை முடித்தவர், பாடங்களை விலைக்கு விற்கும் கம்பெனியை நாடினால் வியப்பில்லை. கிராமப் பள்ளியில் அவருக்கு என்ன ஆதரவு? உயர்கல்வி பெற்ற அரசு ஊழியருக்குக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வைத் தமிழ்நாடு சர்க்கார் 2020-இல் ரத்து செய்தது. பிறகு அறிவித்த ஒரே தடவைத் தொகை அதற்கு ஈடாகாது. சொந்தப் பணத்தையும் விடுமுறை நாட்களையும் செலவிட்டுப் படி, படித்ததற்குப் பலனை எதிர்பாராதே என்று உபாத்தியாயருக்குச் சொல்வது நியாயமாகாது.

2008-இல் ஏற்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஆதரவில் இப்படிப்பைத் தமிழிலேயே நடத்தலாம். பரீட்சைத் தாளைக் குறைத்து, உபாத்தியாயர் தம் வகுப்பிலேயே செய்து பார்த்த வேலைக்கு மதிப்பெண் தரலாம். சம்பளத்துடன் விடுமுறையும், முடித்தவருக்கு நிரந்தர ஊதிய உயர்வும் அளிக்க வேண்டும். பணமில்லை என்ற பதிலை நாம் ஏற்கமாட்டோம். திரைகளும் கம்ப்யூட்டர்களும் வாங்கப் பணம் இருக்கவே செய்கிறது. வரும் வரவு செலவுத் திட்டத்தில் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் உபாத்தியாயரின் படிப்புக்கு என்ன தொகை எழுதப்பட்டிருக்கிறது என்று சட்டசபை அங்கத்தினர்கள் கேட்க வேண்டும்.