அது யாருடைய காலம்?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. கவுண்டருக்கு வெளியே சரியான கூட்டம். நகைக்கடனுக்கு வட்டி கட்ட வந்து நின்றவரின் சட்டைப்பையிலிருந்து செல்போன் பாட ஆரம்பித்தது. 1989-இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ படத்துப் பாட்டு. விஜயகாந்த் படம், இளையராஜா இசை. 2024-இல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தில் கெத்து மட்டையோடு இறங்கும்போது அடிக்குமே, அதே பாட்டு. வரிசையில் நின்ற நாலைந்து பேர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. செக்யூரிட்டி அண்ணன் தலையை ஆட்டினார். என் கையும் தானாக மேஜையில் தாளம் போட்டது.

போனை அணைத்தவர் என்னை உற்றுப் பார்த்தார். “சார், நீங்க காலனி டீமுல ஆடுவீங்க இல்ல? ஒங்க அண்ணன்கூட ஸ்பீடு போடுவாரே!” எனக்கும் அடையாளம் தெரிந்தது. பாலாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். அந்த ஊர் டீமின் ஓப்பனர். “அது ஒரு காலம் சார். அப்ப சாதி ஏது, மதம் ஏது? எல்லாம் ஒண்ணாத்தான கெடந்தோம்” என்றார்.

நான் சிரித்தேன். சலானில் முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் போய்விட்டார். அன்றைக்கு அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் தெரு முனையில் விஜயகாந்த் ரசிகர் மன்றப் பலகை இருந்தது. சாவு வீடு தவிர எல்லா வீட்டு விசேஷத்துக்கும் அந்தப் பாட்டு ஸ்பீக்கரில் கத்தும். அந்தப் பாட்டுக்கும் கிரிக்கெட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ரப்பர் பந்து அடித்துத் திரிந்த கூலிக்கார இளைஞர்களின் வாழ்க்கையைக் காட்டிய ஒரு படம், 35 வருஷத்துப் பழைய பாட்டை அவர்களுடைய கீதமாக ஆக்கிவிட்டது. கேட்டால் எனக்கும் நெஞ்சு விரியத்தான் செய்கிறது. பாலாற்று மணல், மதிய வெயில், தோல் ஷாப்பிலிருந்து வரும் நாத்தம், தண்டவாளத்தில் போகும் ரயில், பலகையில் செதுக்கிய மட்டை, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

ஆனால் ஏக்கம் என்பது எல்லோருக்கும் ஒன்றுபோல் வருவதில்லை தோழர்களே. ஊர்க்காரனுக்கு ஏங்குவதற்கு ஒரு ஊர் இருக்கிறது. ஆலமரம், தேர், திண்ணை, பம்புசெட்டுக் குளியல் என்று அவன் பக்கம் பக்கமாக எழுதுவான். சேரிக்காரன் எதற்கு ஏங்குவது? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தக் கிராமப் பெருமையைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதைப் படித்த நாமே இன்றைக்கு ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு “அது ஒரு காலம்” என்கிறோம். எந்தக் காலம்? யாருடைய காலம்?

2003 மாட்டுப் பொங்கல். எனக்கு 15 வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் டோர்னமென்ட். நுழைவுக் கட்டணம் 200 ரூபாய். எங்கள் டீமில் முக்கால்வாசிப் பேர் தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுகிறவன், சவ்வு எடுக்கிறவன், டிரம் ஓட்டுகிறவன். எல்லாம் பீஸ் ரேட்டு. போனால் கூலி, போகாவிட்டால் இல்லை. அண்ணனுக்கு அன்றைக்குப் போன கூலி 80 ரூபாய். “பந்தா நாளைக்கி சோறு போடும்?” என்று நைனா கத்தினார். அண்ணன் பதில் பேசாமல் கிளம்பினான்.

அவன் பந்து போட ஓடி வரும்போது, ஓப்பனர் துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டார். “தோல் நாத்தம் கொடலப் புடுங்குதுடா” என்றார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் அடுத்த பந்தில் ஸ்டம்பைப் பறக்கவிட்டான் என்று எழுத ஆசைதான். சினிமாவாக இருந்தால் அப்படித்தான் நடக்கும். நடந்தது என்னவென்றால், அந்த ஓவரில் ரெண்டு சிக்ஸர் போனது. நாங்கள் தோற்றோம். மற்ற டீம்காரர்கள் பானையில் தாங்களே மொண்டு குடித்தார்கள். எங்களுக்கு ஒரு பையன் உயரத்தில் இருந்து ஊற்றினான். நாங்கள் கையேந்திக் குடித்தோம்.

அடுத்த மாதமே அதே ஊரிலிருந்து ஆள் வந்தது. வாணியம்பாடிப் பக்கம் ஒரு போட்டி, ஸ்பீடு பவுலர் இல்லை, அண்ணனை கெஸ்ட் பிளேயராக அனுப்பச் சொல்லி. போனான். நாலு விக்கெட் எடுத்தான். கோப்பை அந்த ஊருக்குப் போனது. கோயில் வளாகத்தில் எல்லோருக்கும் இலை போட்டு விருந்து. அண்ணனுக்கு ரோட்டோரம் பொட்டலம் வந்தது. கோப்பையோடு எடுத்த போட்டோவில் அவன் இல்லை. அன்றைக்கும் அவனுக்கு ஒருநாள் கூலி போயிற்று.

“எல்லாம் ஒண்ணாத்தான கெடந்தோம்.”

இது புதுக் கதையும் இல்லை. பல்வங்கர் பாலு என்று ஒருவர் இருந்தார். சமார் சாதியில் பிறந்தவர், தோல் வேலை செய்யும் சாதி என்று ஒதுக்கப்பட்டவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலை பார்த்துக்கொண்டே அவர்களுக்குப் பந்து போட்டுப் பழகினார். பந்து போட விட்டார்கள், மட்டையைக் கையில் கொடுக்கவில்லை. பிறகு இந்துக்கள் அணியில் சேர்த்தார்கள். ஜெயிக்க வேண்டுமே! ஆட்டத்தின் நடுவே மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்தார்கள். பாலுவுக்கு வெளியே மண் குவளையில் வந்தது. 1911-இல் இங்கிலாந்துக்குப் போய் 114 விக்கெட் எடுத்த கைக்கு மண் குவளை. கேப்டன் பதவியோ கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923-இல்தான் அதைப் பெற்றார். பாலுவிடமிருந்து என் அண்ணன் வரை நூறு வருஷம். மண் குவளை பொட்டலமாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். ஆம்பூர் தோலும் செருப்பும் கப்பலேறிப் போகிறது. தோலைப் பதப்படுத்துகிறவன் கையில் ஆடக் கிடைத்ததோ ரப்பர் பந்து. தோல் பந்து மீரட்டில் தைக்கப்படுகிறது. அதைத் தைக்கிற ஜாதவ் மக்களும் நம்மவர்கள்தான். பந்து நம்முடையது, பந்தயம் மட்டும் அவர்களுடையது.

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வருவோம். இங்கிலாந்தில் ரக்பி என்றொரு ஆட்டம். முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. சீமான் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் பிறந்தது. வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் சுரங்கத் தொழிலாளியும் மில் தொழிலாளியும் அதைக் கையில் எடுத்து சீமான்களையே தோற்கடித்தார்கள். ஆனால் வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் சனிக்கிழமை வேலை போய்விடும், கூலி போய்விடும். ‘ஆடப் போனதால் போன கூலியையாவது கொடுங்கள்’ என்று கேட்டார்கள். 1893-இல் லண்டனில் கூட்டம் போட்டு வாக்கெடுத்தார்கள். ஆதரவு 136, எதிர்ப்பு 282. வசதி இல்லாதவன் ஆட வேண்டாம் என்பதுதான் சீமான்களுடைய வாதத்தின் சாரம். பணம் வாங்கினால் ஆட்டத்தின் புனிதம் கெட்டுவிடுமாம்!

வடக்கத்திக்காரர்கள் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஒரு ஓட்டலில் கூடி, தனிச் சங்கம் அமைத்து வெளியேறினார்கள். போன கூலிக்கு ஒரு நாளைக்கு 6 ஷில்லிங் வரை என்று சட்டம் போட்டார்கள். ரக்பி லீக் என்கிற ஆட்டம் பிறந்தது அப்படித்தான். சீமான்களின் ரக்பி, ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டது 1995-இல். சரியாக நூறு வருஷம் கழித்து. சுரங்கமும் மில்லும் மூடிப்போன அந்த ஊர்களில் இன்றைக்கும் பழைய பாட்டைக் கேட்டு ஏங்குகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் அவர்களுடைய ஆட்டத்தின் பிறப்பிலேயே கூலிக் கணக்கு எழுதியிருக்கிறது. யாரும் அதை அழிக்க முடியாது.

நம் கணக்கு எங்கே எழுதியிருக்கிறது? அவர்களுக்கு இருந்தது கூலிப் பிரச்சினை. நமக்குக் கூலியும் சாதியும் சேர்ந்தே வருகிறது. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-இலேயே எழுதிவிட்டார். அந்த ஓப்பனரும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். இன்றைக்கு அவரும் வட்டி கட்டுகிறார். இருந்தும் அன்றைக்கு அவர் மூக்கில் துண்டு இருந்தது. அரக்கோணத்துக் கதையைச் சொன்ன ‘ப்ளூ ஸ்டார்’ (2024) படத்தில் காலனி டீமும் ஊர் டீமும் கடைசியில் ஒன்று சேர்கின்றன. நல்லது, சேரட்டும். ஆனால் ‘லப்பர் பந்து’ படத்தில் அன்பை டீமில் சேர்க்காமல் வைத்திருந்தது எதனால் என்பதை மறந்துவிட்டு பாட்டை மட்டும் ரிங்டோன் வைத்துக்கொண்டால் அது சேர்க்கை அல்ல, மறதி.

நான் வங்கிக்காரன். பற்று, வரவு ரெண்டும் எழுதினால்தான் எனக்குக் கணக்கு. பாட்டு தருவது வரவுப் பக்கம் மட்டும். பற்றுப் பக்கத்தில் அண்ணனின் 80 ரூபாய் இருக்கிறது. கையேந்திக் குடித்த தண்ணீர் இருக்கிறது. நாங்கள் ஆடிய பாலாற்று மணலும் இருக்கிறது. இன்றைக்கு அது மணல் அள்ளிய பள்ளம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தோல் ஆலைக் கழிவு வழக்கில் தீர்ப்புச் சொன்னது, மாசுபடுத்தியவன்தான் பணம் கொடுக்க வேண்டும் என்று. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் செத்தார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்றால் இதெல்லாம் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பற்றுப் பக்கத்தில் இன்னொரு பெயரும் இருக்கிறது. அதை நாமே எழுதாமல் விட்டோம். என் அக்கா 18 வயதில் ஷூ கம்பெனி பஸ் ஏறியவள். ஆறு நாள் தையல் மெஷின். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மைதானம், அவளுக்குத் துணிக்கல். எங்கள் டீமின் பேண்ட் சட்டையெல்லாம் அவள் கையில்தான் வெளுத்தது. ‘இந்தப் பாட்டைக் கேட்டா ஒனக்கு இன்னா ஞாபகம் வருது?’ என்று கேட்டேன். “சோப்புதான்” என்றாள். ஊர்க்காரன் நம்மை மறந்த மாதிரியே நாம் அவளை மறந்திருக்கிறோம். இதைச் சொல்லாமல் ஊர்க்காரனைக் கேள்வி கேட்க எனக்கு யோக்யதை இல்லை.

அதனால் ஒரு யோசனை. ஏப்ரல் 14-க்கு நம் காலனிகளில் டோர்னமென்ட் நடத்துகிறோம். வருஷா வருஷம் கோப்பையின் உயரம் ஏறிக்கொண்டே போகிறது. ஆளுயரக் கோப்பையைத் தூக்கிப் போட்டோ எடுத்தவன் மறுநாள் கைச்செலவுக்குக் கடன் கேட்கிறான். கோப்பையைச் சாண் உயரத்துக்குக் குறையுங்கள். மிச்சப் பணத்தில், வேலையை விட்டுவிட்டு வந்து ஆடுகிற ஒவ்வொருவனுக்கும் போன கூலியைக் கொடுங்கள். ‘போன கூலி தரப்படும்’ என்று போஸ்டரிலேயே அச்சடியுங்கள். முதலாளியிடமோ கட்சிக்காரனிடமோ கையேந்த வேண்டாம். நம் வசூல், நம் கணக்கு. ஷூ கம்பெனிப் பெண்களுக்கு அவர்களுடைய லீவு நாளில் ஒரு ஆட்டம் வையுங்கள். அன்றைக்குத் துணியை ஆம்பளைகள் துவைக்கட்டும்.

காசு வாங்கினால் ஆட்டத்தின் அழகு போய்விடும் என்று நம்மிலேயே சிலர் சொல்வார்கள். 1893-இல் லண்டனில் கை தூக்கிய 282 பேரும் அதைத்தான் சொன்னார்கள்.

வங்கியில் நடந்ததை அண்ணனிடம் சொன்னேன். அவனுக்கு இப்போது 44 வயது. இன்னும் அதே டிரம் வேலை. விரல் இடுக்கில் குரோமியப் புண் காய்வதும் வெடிப்பதுமாக இருக்கிறது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, “அவன் நல்லா ஆடுவான்டா. அந்த ரெண்டாவது சிக்ஸர் சொம்மா பறந்துச்சி” என்றான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா அந்தத் துண்ட மறக்கல” என்றான்.

ரெண்டையும் மறக்காமல் இருக்க அவனுக்குத் தெரிகிறது. அடுத்த மாதம் வட்டி கட்ட ஓப்பனர் வருவார். இந்தத் தடவை சலானில் முத்திரை குத்துவதற்கு முன்னால் கேட்கப் போகிறேன்: “சார், அந்தத் துண்டு ஞாபகம் இருக்கா?” அவர் இருக்கிறது என்று சொன்னால், அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே அந்தப் பாட்டைக் கேட்கலாம்.