வேகம் வேண்டாம், நேரம் தவறாத குமாஸ்தா போதும்

போன ஆடி மாதம் எங்கள் பக்கத்து அம்மன் கோவிலில் மெல்லிசைக் கச்சேரி. கீபோர்டு வாசித்தவன் என் மகள் வயிற்றுப் பேரன். மூன்றாவது பாட்டு, சரணம் ஆரம்பிக்கும் இடம். வயலின் ஒலி "டப், டப், கர்ர்" என்று உடைந்தது. அப்புறம் அதுவும் நின்றது. பாடகி சமாளித்துக்கொண்டு பாடிப் போனார். தபேலாக்காரர் என் பேரனைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இப்போதெல்லாம் மேடையில் இருக்கும் கீபோர்டு பல நேரம் வெறும் கட்டைகள்தான். வயலினும் புல்லாங்குழலும் பியானோவும் பக்கத்தில் இருக்கும் மடிக்கணினியின் மென்பொருளிலிருந்து வருகின்றன. காலை வாரியது அந்த மடிக்கணினி. விலை 1,20,000 ரூபாய். என் மகள் இரண்டு வளையலை அடகு வைத்து வாங்கிக் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விளையாட்டுப் பிள்ளைகளுக்கான ரகம். கட்டைகளுக்கு அடியில் ஏழு நிறத்தில் விளக்கு எரியும். "இதுல ஓடாத சாஃப்ட்வேரே கிடையாது சார்" என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை.

அன்றைய சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த இரண்டு கச்சேரிக்கு வேறு பையனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வட்டி மட்டும் மாதா மாதம் தவறாமல் ஓடுகிறது.

அதனால்தான் கோபத்தோடு இதை எழுதுகிறேன். மேடைக்கு மடிக்கணினி தேடி வரும் பிள்ளைகளிடம் வேகத்தையும் விலையையும் காட்டி விற்கிறார்கள். மேடைக்கு வேண்டிய குணம் என்ன என்று விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

"ஆயுள் முழுக்க பே பில் போட்ட கிழவனுக்கு இதில் என்ன தெரியும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேரன் பயன்படுத்துவது பெர்லின்காரர்களின் ஏபிள்டன் லைவ். அதன் கையேடு பிரெஞ்சிலும் கிடைக்கிறது. பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அது போதாதா? பேரன் படிக்கச் சோம்பிய கையேட்டை நான் ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் தெரிந்தது, இது என் பழைய உத்தியோகம்தான் என்று.

விஷயம் இதுதான். கணினி ஒலியைத் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை. சிறு சிறு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. அந்தப் பொட்டலத்தின் அளவுக்கு பஃபர் என்று பெயர். ஒரு வினாடி ஒலியில் 44,100 துளிகள் என்றும், பஃபர் 128 துளிகள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 344 பொட்டலம் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கெடு 2.9 மில்லி வினாடி. இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு ஏறக்குறைய 25 லட்சம் பொட்டலம். அதில் ஒன்று கெடு தாண்டினாலும் ஸ்பீக்கரில் "டப்".

எங்கள் அலுவலகத்தில் இரண்டு வகைக் குமாஸ்தாக்கள் உண்டு. ஒருவர் புலி. உட்கார்ந்தால் ஒரு மணியில் இருபது கோப்பு முடிப்பார். ஆனால் டீ குடிக்கப் போனால் எப்போது வருவார் என்று தெரியாது. இன்னொருவர் மெதுவானவர், ஆனால் கெடு தவறியதே இல்லை. சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போக வேண்டிய நாளில் யாரை நம்புவோம்? மேடையில் ஒவ்வொரு 2.9 மில்லி வினாடியும் சம்பளப் பட்டியல் நாள்தான்.

பேரனின் மடிக்கணினி புலி ரகம். லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓட்டிப் பார்த்தோம். உள்ளே இருக்கும் எந்த டிரைவர் பிராசஸரை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். அகப்பட்டவை இரண்டு: வைஃபை டிரைவர், கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர். எந்த கார்டைக் காட்டி விலையை ஏற்றினார்களோ, அதுவே வயலினின் கழுத்தைப் பிடித்திருக்கிறது! வயலின் வாசிக்க அந்த கார்டு தேவையே இல்லை.

போதாததற்கு, ஒலியை மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்தே எடுத்திருக்கிறான். மேடைக்குத் தனியாக ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். விண்டோஸ் என்றால் அதற்கு உரிய ஏஎஸ்ஐஓ டிரைவரும் வேண்டும். அந்தக் கடையில் இதை ஒருவரும் சொல்லவில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? தனித்தனி கோர்கள் ஒவ்வொன்றும் வலுவாக உள்ள பிராசஸர். ஒரு வாத்தியத்தின் வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் நடக்கிறது. 16 ஜிபி நினைவகம். பெரிய பியானோ ஒலித்தொகுப்புகளை ஓடும்போதே படிக்க எஸ்எஸ்டி. ஆட்டம் கொடுக்காத யூஎஸ்பி துளைகள். சூடானால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஆகவே மேடை விளக்கின் வெப்பத்திலும் தாங்குகிற உடம்பு. இவ்வளவும் இரண்டாம் கையாகவும் கிடைக்கும்.

ஆப்பிள் வாங்கினால் தொல்லை தீரும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒலிக்கான ஏற்பாடு அதில் பிறவியிலேயே நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. 2020இல் வந்த எம்1 ஏர் மாடலில் மின்விசிறியே கிடையாது. ஆனால் கச்சேரிக்கு முதல் நாள் இயங்குதளத்தைப் புதுப்பித்துவிட்டு, பழைய மென்பொருள் ஓடவில்லையே என்று அழுதால் அதற்கு ஆப்பிள் என்ன செய்யும்?

விலை மலிவானதே போதும் என்றும் நான் சொல்லவில்லை. பேரனின் மடிக்கணினியை விற்கவும் இல்லை. 7,000 ரூபாய்க்குப் பழைய இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினோம். கச்சேரி நேரத்தில் வைஃபையும் புளூடூத்தும் அணைப்பு. தானியங்கிப் புதுப்பிப்பு நிறுத்திவைப்பு. மின் அமைப்பு முழு வேகத்தில், சார்ஜர் எப்போதும் செருகியே. பஃபர் 256. அதனால் தாமதம் 5.8 மில்லி வினாடி. ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். விரலுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வீட்டில் மூன்று மணி நேரம் நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லி நான் காவல் இருந்தேன். ஒரு "டப்" இல்லை.

இந்த மூன்று மணி நேரச் சோதனையை வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டும். கடையில் விடமாட்டார்கள். புடவையைப் பிரித்துப் பார்க்க விடுகிறார்கள், மாம்பழத்தை முகர்ந்து பார்க்க விடுகிறார்கள், லட்ச ரூபாய்ப் பெட்டியில் அரை மணி நேரம் ஒரு மென்பொருளை ஓட்டிப் பார்க்க விடமாட்டார்களாம்! பிள்ளைகளே, அப்படிச் சொல்லும் கடையிலிருந்து எழுந்து வாருங்கள். ஓட்டிப் பார்க்க விடும் கடைக்குப் போங்கள். இல்லையென்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுப்பவரிடம் வாங்குங்கள். எழுத்தில் இல்லாத வாக்குறுதிக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

ஆங்கிலத்தில் இந்த இயந்திரத்தைக் கணக்குப் போடுவது என்று பெயரிட்டார்கள். பிரெஞ்சில் 'ஓர்தினாத்தேர்'. 1955இல் ஐபிஎம் கேட்டதற்கு ழாக் பெரே என்ற மொழிப் பேராசிரியர் சொன்ன பெயர். ஒழுங்குபடுத்துவது என்று பொருள். மேடைக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம்.

தை மாதக் கச்சேரிக்குப் பேரனை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.